இரும்பைப் பிடித்த வாயு

ஜனவரி 11

அண்ணனுக்கு,

நலம் என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். இங்கே யாரும் நலமாக இல்லை. அங்கே எப்படி என்று தெரியாது.

போனில் பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உன் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும், என் குரலைக் கேட்டால் நீ வைத்துவிடுவாய். புது வருஷத்தன்றும் அப்படித்தான் ஆயிற்று. கடிதத்தை யாரும் பாதியில் வெட்ட முடியாது. கிழிப்பதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

அப்பாவைப் பற்றித்தான். நவம்பரில் குளியலறையில் மயங்கிக் கிடந்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது, அந்தப் பெரிய இரும்பு உருளைக்குள் படுக்க வைத்து ஆக்சிஜன் கொடுத்தது, மறுநாள் எழுந்து உட்கார்ந்து நர்ஸிடம் "இந்த வண்டியில ஜன்னல் சீட்டு கிடையாதா?" என்று அவர் கேட்டது எல்லாம் நீயும் பார்த்ததுதான். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். அடுத்த நாள், விஷவாயு குளியலறை கேஸ் ஹீட்டரிலிருந்துதான் வந்திருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னதும், வராந்தாவில் வைத்து நான் உன்னிடம் சொன்னதும் உனக்கு நினைவிருக்கும். "நீ மாட்டின ஹீட்டர். உன் கையாலதான் அப்பாவுக்கு இப்படி ஆச்சு." அண்ணியும் பக்கத்தில்தான் நின்றார். நீ படியிறங்கிப் போனாய். அதற்கு மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. ஹீட்டரை நீதானே மாட்டினாய்? வேறு யார்?

வீட்டுக்கு வந்து சில வாரம் பழைய அப்பாவாகவே இருந்தார். பேப்பர் படித்தார், பஸ் கட்டணம் ஏற்றியதற்கு அரசாங்கத்தைத் திட்டினார். அப்புறம் ஒருநாள் சட்டைப் பொத்தான் போடத் தெரியாமல் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். தடுமாறுகிறார் என்று நினைத்துப் போட்டுவிட்டேன். மறுநாளும் போட்டுவிட்டேன். இப்போது முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. காலைத் தேய்த்துத் தேய்த்துக் குட்டிக் குட்டி அடியாக நடக்கிறார். ஆயுசெல்லாம் பஸ் ஓட்டிய மனுஷன் கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு வழி கேட்கிறார். பல நாள் கேட்கவும் மறந்துவிடுகிறார். போர்வை துவைத்தே என் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துவிட்டது.

டாக்டரம்மாவிடம் காட்டினேன். இந்த வாயு சிலருக்கு இப்படித்தான் செய்யுமாம். விட்டுவிட்டுப் போனது போலப் போய், சில வாரம் கழித்துத் தன் வேலையைக் காட்டுமாம். நிறையப் பேருக்கு ஒரு வருஷத்துக்குள் தேறிவிடும், எல்லோருக்கும் என்று சொல்ல முடியாது என்றார்.

என் விடுப்பு அடுத்த மாதம் முடிகிறது. பள்ளிக்கூடத்துக்குப் போயே ஆக வேண்டும். பகலில் பார்த்துக்கொள்ள அடுத்த வீட்டுத் தையல்காரம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார். சனி ஞாயிறாவது நீ வா. என்னோடு பேச வேண்டாம். நீ வந்தால் நான் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவேன். அவ்வளவுதான் கேட்கிறேன்.

தங்கை

ஜனவரி 20

தங்கச்சிக்கு,

கடிதம் வந்தது. உன் அண்ணிதான் முதலில் படித்தாள், அப்புறம் என்னிடம் கொடுத்தாள். அப்பா இப்படி ஆகிவிட்டார் என்று ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம். நான் வைத்துவிடுவேன் என்கிறாய். வைத்திருப்பேன்தான். அப்புறம் திரும்பக் கூப்பிட்டிருப்பேன்.

வர முடியாது. கோபத்தால் இல்லை. அந்தக் குளியலறைக் கதவை என்னால் பார்க்க முடியாது.

நான் இப்போது ஹீட்டர் மாட்டும் வேலைக்குப் போவதில்லை, உனக்குத் தெரியாது. டிசம்பரில் ஒரு வீட்டுக்குப் போனேன். சுவரில் மாட்டி, புகைக்குழாயைச் சுவர் வழியாக வெளியே விட்டு, பற்ற வைத்தேன். சுடர் நீலமாக எரிந்தது. நீலமாக எரிந்தால் சரி, மஞ்சளாக எரிந்தால் காற்று பத்தவில்லை என்று அர்த்தம், இது எங்கள் தொழிலில் முதல் நாள் பாடம். சரியாகத்தான் எரிந்தது. ஆனால் நான் கிளம்பவில்லை. கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை போவேன், திரும்பி வந்து பார்ப்பேன். வீட்டுக்காரம்மா பயந்துவிட்டார். "ஏம்பா, நீயே இப்படிப் பாக்கிறியே, நாங்க இதுல குளிக்கலாமா வேணாமா?" என்றார். அதை முதலாளியிடமும் சொல்லிவிட்டார். இப்போது குடோனில் பெட்டி அடுக்குகிறேன்.

அப்பா வீட்டு ஹீட்டரிலும் சுடர் நீலம்தான். நானே பார்த்தேன், அப்பாவும் பக்கத்தில் நின்று பார்த்தார். அதற்கப்புறம் இரண்டு மழைக்காலம் ஓடியிருக்கிறது. இதைச் சொன்னால் சாக்கு என்பாய், சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டான் என்பாய். எதையாவது நினைத்துக்கொள்.

ஒன்று கேட்கிறேன், பதில் எழுது. நீ கெமிஸ்ட்ரி டீச்சர். அந்த வாயு அப்பாவின் ரத்தத்துக்குள் போய் என்ன செய்தது? விஷம், விஷம் என்கிறார்கள், தேள் கொட்டினாலும் விஷம்தான். காற்றும் எரிவாயுவும் சேர்ந்து எரிகிற சாதாரண நெருப்பிலிருந்து இது எப்படி வருகிறது? ரத்தத்திலிருந்து ஒரே நாளில் வெளியே போய்விட்டது என்றார்களே, போன பிறகும் ஏன் இப்படி? தினமும் தொட்டுப் பிழைத்த நெருப்பு, அது எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்க வெட்கமாக இருந்தது. பாடப் புத்தகம் மாதிரி வேண்டாம், எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

அண்ணன்

ஜனவரி 29

அண்ணனுக்கு,

அப்பா தூங்குகிறார். மதியச் சோறு ஊட்டி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது, மெல்ல மறந்துவிடுகிறார். "மெல்லுங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த இடைவெளியில் நானும் தூங்கியிருக்கலாம். நீ கேட்டதால் எழுதுகிறேன்.

நம் வீட்டு எரிவாயுவில் கார்பனும் ஹைட்ரஜனும் பிணைந்திருக்கின்றன. எரிவது என்றால் அந்தப் பிணைப்புகள் விட்டுப்போய், இரண்டும் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு புதிதாகச் சேர்கின்றன என்று பொருள். ஒவ்வோர் அணுவைச் சுற்றியும் எலக்ட்ரான்கள் இருக்கின்றன. வெளிச்சுற்றில் எட்டு இருந்தால் பெரும்பாலான அணுக்களுக்கு நிலைகொள்ளும். கார்பனிடம் நான்குதான் உண்டு, இன்னும் நான்கு வேண்டும். ஆக்சிஜனுக்கு இரண்டு வேண்டும். ஒருவர் இன்னொருவருடையதைப் பிடுங்காமல், ஆளுக்குக் கொஞ்சம் பொதுவில் வைத்து இரண்டு பேரும் தங்களுடையதாகக் கணக்குக் காட்டிக்கொள்கிறார்கள். இந்தப் பொதுவில் வைப்பதுதான் பிணைப்பு. வகுப்பில் இதற்குப் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லிக் கை கோக்க வைப்பேன்.

காற்று தாராளமாக இருந்தால் ஒரு கார்பனுக்கு இரண்டு ஆக்சிஜன் கிடைக்கும். நாம் மூச்சில் விடுகிற கார்பன் டை ஆக்சைடு அதுதான். உன் நீலச் சுடரில் இதுதான் நடக்கிறது. காற்று குறைந்தால் கார்பனுக்கு ஒரே ஓர் ஆக்சிஜன்தான் கிடைக்கும். அந்த ஒன்றையே மூன்று ஜோடி எலக்ட்ரானால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதுதான் கார்பன் மோனாக்சைடு. நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

அப்படிப் பிடித்த பிறகும் கார்பன் பக்கத்தில் ஒரு ஜோடி எலக்ட்ரான் யாரோடும் சேராமல் மிஞ்சி நிற்கிறது. ஆபத்து அங்கேதான். நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற பொருளின் நடுவில் இரும்பு அணு இருக்கிறது. அந்த இரும்பு ஆக்சிஜனை லேசாகத்தான் பிடிக்கும். நுரையீரலில் பிடித்து மூளையில் விட வேண்டுமே, இறுகப் பிடித்தால் எப்படி விடும்? இந்த வாயு வந்ததும் தன் மிஞ்சிய ஜோடியை இரும்புக்குக் கொடுத்து ஒட்டிக்கொள்கிறது. ஆக்சிஜனைப் போல இருநூறு மடங்குக்கு மேல் பிடிப்பு. ஆக்சிஜன் உட்கார இடமில்லை. ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது, மூளைக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. அவ்வளவுதான் அண்ணா. அந்த வாயுவுக்கு அப்பாவின் மேல் ஒரு பகையும் இல்லை.

ஆனால் எந்தப் பிடிப்பும் பூட்டு இல்லை. விடுவதும் பிடிப்பதுமாகத்தான் இருக்கும். அது விடுகிற ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் உட்கார ஆக்சிஜன் கூட்டமாகக் காத்து நிற்க வேண்டும். அதற்குத்தான் அந்த உருளைக்குள் அழுத்தி அழுத்தி ஆக்சிஜன் கொடுத்தார்கள். போகப் போக வாயு முழுக்க வெளியேறிவிட்டது. ஆனால் மூளை பட்டினி கிடந்த நேரம் வெளியேறவில்லை. நரம்புகளின் மேலுறை அப்போது அடிபட்டு, பிறகு மெல்ல மெல்லக் கெட்டிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். நீ கேட்ட 'ஏன் இப்படி'க்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான்.

இதையெல்லாம் எழுதி முடித்துப் பார்த்தால் நான் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறேன். கார்பனுக்கு ஒரே ஆக்சிஜன்தான் கிடைத்தது என்றால் காற்று குறைந்திருக்கிறது. புகை வெளியே போகாமல் உள்ளேயே சுழன்றால் காற்று குறையும். புகைக்குழாயை வைத்தது நீ. வேண்டுமென்று இதை எழுதவில்லை. கணக்கு அங்கே கொண்டுபோய் விடுகிறது.

தங்கை

பிப்ரவரி 6

தங்கச்சிக்கு,

மூன்று தடவை படித்தேன். கார்பன், ஆக்சிஜன் எல்லாம் புரிந்தது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் எனக்கு இப்படி ஒருவர் சொல்லியிருந்தால் வேறு எங்காவது இருந்திருப்பேனோ என்னவோ. கடைசிப் பத்தியும் புரிந்தது.

உன் அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் சலவைக்கூடத்தில் நின்று நின்று கால் வீங்கி, வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு கேட்டாள். "உங்க தங்கச்சி சொல்றது சரி. ஆனா குழாயைப் போய்ப் பாத்தாங்களா?" என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பார்த்தாயா? யாராவது பார்த்தார்களா?

எரிவாயுக்காரன் வந்து உள்ளே வால்வை மூடி முத்திரை வைத்துவிட்டு, "ஃபிட்டரைக் கூப்பிட்டுச் சோதிச்சுக்குங்க" என்று சொல்லிப் போனதாகப் புது வருஷத்தன்று போனில் நீ சொன்னாய். ஃபிட்டர் நான்தான், என்னை நீ கூப்பிடவில்லை. நானும் வரவில்லை. ஆக, யாரும் பார்க்கவில்லை.

பின் சந்துக்குப் போ. குளியலறைச் சுவரில் தலை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே குழாயின் வாய் நீட்டிக்கொண்டிருக்கும். முக்காலி போட்டு ஏறிப் பார். துருப்பிடித்து விழுந்திருந்தால், மூட்டு கழன்றிருந்தால், அது என் தப்பு. நான் தூக்கிச் சுமக்கிறேன். ஆனால் பார்த்துவிட்டுச் சொல்.

இத்தோடு ஒரு பொட்டலம் பஸ்ஸில் அனுப்புகிறேன். கழிப்பறைச் சுவரில் மாட்ட ஒரு கைப்பிடிக் கம்பி. குடோனில் உட்கார்ந்து நானே வளைத்தேன். முனையைத் தேய்த்திருக்கிறேன், கையில் குத்தாது. அப்பாவின் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வருகிற மாதிரி மாட்டச் சொல்.

அண்ணன்

பிப்ரவரி 27

அண்ணனுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பள்ளிக்கூடம் ஒரு காரணம். உண்மைக் காரணம் வேறு.

கம்பி வந்த அன்றே தையல்காரம்மாவின் வீட்டுக்காரர் மாட்டிக் கொடுத்தார். அப்பா அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "யாரு மாட்டினது?" என்றார். "அண்ணன் செஞ்சு அனுப்பிச்சிருக்கான்ப்பா" என்றேன். "அப்ப ஆடாது" என்றார். அந்த வாரம் முழுவதும் அவர் பேசிய ஒரே முழு வாக்கியம் அதுதான்.

பின் சந்துக்குப் போகாமல் நாள் கடத்தினேன். ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை முக்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன். குழாய் துருப்பிடிக்கவில்லை. மூட்டு கழலவில்லை. வாயில் சாக்குத்துணி திணித்து, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி, கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தது. அந்தக் கட்டு உனக்குத் தெரியும். பஸ்ஸின் பக்கக் கண்ணாடி ஆடினால் அப்பா கட்டுவாரே, இரண்டு சுற்றுச் சுற்றி முனையை உள்ளே மடித்து, அதே கட்டு.

பிரித்து எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். சாக்கின் உள்பக்கம் கரியாக இருந்தது. அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன்.

"இதை யாருப்பா குழாயில கட்டினது?"

கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். அவர் முகத்தில் பல நாளுக்கப்புறம் ஏதோ அசைந்தது.

"காத்து உள்ள அடிக்குது. ஹீட்டர் அணைஞ்சு அணைஞ்சு போவுது. குளிர்ல பாதிக் குளியல்ல நிக்க வேண்டியிருக்கு."

"அண்ணனைக் கூப்பிட்டிருக்கலாமேப்பா?"

"அவனுக்கு ஆயிரம் சோலி. இதுக்குப் போய் எதுக்கு அவ்வளவு தூரம் வர வைக்கணும்?"

நேற்று நடந்தது போலச் சொன்னார். ஐந்து நிமிஷத்தில் சாக்கை மடியில் வைத்துக்கொண்டே, இது என்ன என்று என்னிடம் கேட்டார்.

அண்ணா, நான் வராந்தாவில் சொன்னது தப்பு. அப்புறம் கடிதத்தில் கணக்கு என்று எழுதினேனே, அது அதைவிடத் தப்பு. கணக்குச் சரி, ஆளைத்தான் பார்க்காமலே எழுதிவிட்டேன். வேறு எப்படி எழுதுவது என்று ஒரு வாரமாக யோசித்தேன். சோர்வாக இருக்கிறது. இவ்வளவுதான் வருகிறது.

தங்கை

மார்ச் 8

தங்கச்சிக்கு,

படித்ததும் சுமை இறங்கிவிடும் என்று உன் அண்ணி நினைத்தாள், நானும் நினைத்தேன். இறங்கவில்லை. உன்மேல் கோபம் வந்தது, அப்பாமேல் வந்தது, அப்புறம் யார்மேல் என்று தெரியாமல் குடோனில் ஒரு பெட்டியை எட்டி உதைத்தேன். காலில்தான் அடி.

ஒரு போன் செய்திருந்தால் போதும். குழாய் வாய்க்குக் காற்றுத் தடுப்பு மூடி ஒன்று உண்டு, உள்ளங்கை அகலம். அதை மாட்டிவிட்டு, அப்பாவோடு ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பியிருப்பேன். எனக்கு ஆயிரம் சோலி என்று அவருக்கு யார் சொன்னது? நானேதான் சொல்லியிருப்பேன். எப்போது கூப்பிட்டாலும் 'வேலையா இருக்கேன்ப்பா' என்றுதான் எடுப்பேன்.

உன்னிடமும் ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகு இதைப் பேச வேண்டாம். நீ சொன்னது தப்பு என்பதில்லை எனக்கு வலி. குழாயைப் பார்ப்பதற்கு முன்னாலேயே உனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்ததே, அதுதான். அது ஆற நாளாகும். ஆறாது என்று சொல்லவில்லை.

அப்பாவை இங்கே அனுப்பு. என் வீட்டில் வாசலிலிருந்து கட்டில் வரை ஒரு படிகூடக் கிடையாது. கரண்ட் ஹீட்டர்தான், நெருப்பு இல்லை. உன் அண்ணிக்கு மாலை வேலை, எனக்குப் பகல் வேலை, மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வோம். அவளே சொன்னாள். நீ கொஞ்சம் தூங்கு.

அண்ணன்

மார்ச் 22

அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே 'வேண்டாம்' என்று ஒரு பதில் எழுதினேன். அப்பா எனக்குப் பழகிவிட்டார், புது இடம் ஒத்துக்கொள்ளாது, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றெல்லாம். உறையில் போட்டு மேசைமேல் வைத்திருந்தேன். அனுப்பவில்லை. அதற்குள் புதன்கிழமை வந்துவிட்டது.

அன்று பள்ளிக்கூடத்தில் பிணைப்புப் பாடம். பிள்ளைகளைக் கை கோக்க வைக்கவில்லை, கரும்பலகையில் எழுதிப் போட்டேன். ஒரு பெண் எழுந்து, "மிஸ், அணுக்கள் சேர்றதுக்குத்தானே சக்தி செலவாகும்? பிரியும்போது அது வெளிய வரும், இல்லையா?" என்று கேட்டாள். வருஷா வருஷம் யாராவது கேட்பார்கள். தலைகீழ்தான். சேரும்போது சக்தி வெளியே வரும், பிரிக்கத்தான் செலவழிக்க வேண்டும். அதைச் சொல்லத் திரும்பினேன், நாக்கில் வார்த்தை வரவில்லை. ஏதோ துக்கம் என்று நினைக்காதே, தூக்கம்தான். நின்றுகொண்டே கண் செருகிவிட்டது. பிள்ளைகள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் தையல்காரம்மாவின் போன். அப்பாவைக் காணோம். வந்திருந்தவருக்கு அளவெடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கட்டில் காலி.

தெருத் தெருவாகத் தேடினேன். மருந்துக் கடை, பூங்கா, ஆஸ்பத்திரி. கடைசியில் பஸ் டிப்போவிலிருந்து பழைய காவலாளி கூப்பிட்டார். அந்தக் கால்களை வைத்துக்கொண்டு எப்படி அவ்வளவு தூரம் போனார், தெரியாது. ரிப்பேருக்கு நிறுத்தியிருந்த ஒரு பஸ்ஸில் ஏறி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். செருப்பு இல்லை, பாதம் கிழிந்திருந்தது. "அய்யா இறங்க மாட்டேங்கிறாரும்மா, ஆளு ஏறட்டும்ங்கிறாரு" என்றார் காவலாளி.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஏறி உட்கார்ந்து, 'போலாம்ப்பா' என்று சொல்லியிருக்கலாம். நான் கத்தினேன். "எறங்குங்க! என் உயிரை எடுக்காதீங்க! எறங்குங்க!" என்று, மெக்கானிக்குகள் எல்லோரும் பார்க்கக் கத்தினேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒரு பயணியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். பயந்திருந்தார். அப்பா என்னைப் பார்த்துப் பயந்தார்.

வந்து கூட்டிக்கொண்டு போ. இன்னொருவரிடம் விட்டால் தோற்றுவிட்டேன் என்று ஆகிவிடும் என நினைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் இருந்தது தீர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வா. ஹீட்டரையும் கழற்றி எடுத்துவிடு, அந்த இடத்தில் வெறும் சுவர் இருக்கட்டும்.

தங்கை

ஏப்ரல் 14

தங்கச்சிக்கு,

அப்பா நன்றாக இருக்கிறார் என்று எழுதினால் நம்ப மாட்டாய். இருக்கிறார். சாப்பிடுகிறார். போர்வை துவைக்கும் வேலை இப்போது என்னிடம். அப்பாவைக் கூட்டிப்போக வந்த அன்றைக்கு உன் விரல்களை நான் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறேன்.

அன்றைக்கு நாம் இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. நீ ஏணியைப் பிடித்தாய், நான் கழற்றினேன், நீ துடைத்தாய். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. உனக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். நீ போட்ட டீயில் சர்க்கரை இல்லை, அதையும் நான் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

இரண்டு செய்தி. ஒன்று, நேற்று உன் அண்ணி சட்டையை எடுத்துக்கொண்டு போனபோது, "குடும்மா" என்று வாங்கி மேல் பொத்தானை அவரே போட்டார். அதற்கு மேல் முடியவில்லை, நிறுத்திவிட்டார். டாக்டரிடம் கேட்டேன், நல்ல அடையாளம்தான், ஆனால் அவசரப்படாதீர்கள் என்றார்.

இன்னொன்று கொஞ்சம் சிக்கல். அந்தச் சாயங்காலமே என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "என்னடா ஆச்சு எனக்கு?" என்றார். நேராகக் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"ஹீட்டர் புகை உள்ளயே நின்னுடுச்சுப்பா. அதை சுவாசிச்சிட்டீங்க."

"ஏன் நின்னுச்சு?"

"குழாய் அடைச்சிருந்துச்சு."

"யாரு அடைச்சது?"

'நீங்கதான்ப்பா' என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் மறந்தும் போயிருப்பார், நாளைக்கு மறுபடி கேட்பார், மறுபடி சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போல அவருக்கு வலிக்கும். "பறவை கூடு கட்டியிருந்துச்சுப்பா" என்று சொல்லிவிட்டேன். "பாவம், அதுக்கு என்ன தெரியும்?" என்றார். அப்புறம் தூங்கிவிட்டார்.

இன்று காலை மறுபடியும் கேட்டார். மறுபடியும் பறவை என்றேன். ஆகவே நீ வரும்போது உன்னிடம் கேட்டால் அதையே சொல். உனக்குப் பொய் சொல்ல வராது என்று எனக்குத் தெரியும். இந்த ஒன்றை மட்டும் சொல்.

அண்ணன்

ஏப்ரல் 23

அண்ணனுக்கு,

களிம்பு வந்தது. போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், காகிதத்தில் கறை பட்டிருக்கும்.

வீடு அமைதியாக இருக்கிறது. முதல் நான்கு நாள் தூங்கினேன், பள்ளிக்கூடம் போய்வந்த நேரம் தவிர மீதியெல்லாம் தூக்கம்தான். ஐந்தாம் நாள் விழித்துக்கொண்டு, 'மெல்லுங்கப்பா' என்று வெற்றுக் கட்டிலைப் பார்த்துச் சொன்னேன். அப்புறம் எழுந்து குளித்தேன். பச்சைத் தண்ணீர்தான்.

சனிக்கிழமை வருகிறேன். வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன், நீயும் அண்ணியும் எங்காவது வெளியே போய் வாருங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள்.

பறவை என்றே சொல்கிறேன். ஆனால் என்ன பறவை? அதை நீ எழுதவில்லை. அப்பா விடாமல் கேட்பார், உனக்குத் தெரியும். நீ மைனா என்று சொல்லி நான் புறா என்று சொன்னால் மாட்டிக்கொள்வோம். நான் வாசலில் வந்து நிற்கும்போதே காதில் சொல்லிவிடு. முட்டை இருந்ததா, குஞ்சு இருந்ததா, நாம் அதை என்ன செய்தோம், எல்லாவற்றையும் பேசி வைத்துக்கொள்வோம்.

ஒருநாள் அவருக்கே நினைவு வந்துவிடலாம். சாக்கு, பிளாஸ்டிக் தாள், கம்பி எல்லாம். "பறவையாவது கூடாவது, நான்தானே கட்டினேன்? அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து என்னை ஏமாத்துறீங்களா?" என்று கேட்கலாம்.

அன்றைக்கு நாம் இரண்டு பேரும் அசடு வழிய நிற்போம் அண்ணா. அந்த நாள் வரட்டும்.

தங்கை